தகப்பன் பெயர்: பிறகு

மார்கழி பதினேழு. விடியப்புறப் பூசைக்குப்
பதினொரு பேர், வாசலில் நனைந்த நாய் ஒன்று.
தியாக்கோன் றொஷான் மூச்சை இழுத்துக்கொண்டு
ஆபிரகாமில் இறங்கினார்.

மகன், மகன், மகன் என்று
ஓட்டில் மழை விழுகிற அதே வேகம்.
செருபாபேலில் நாக்குத் தடுக்கியது.
அசோர், சாதோக்கு, ஆக்கிம் –
இவர்கள் என்ன செய்தார்கள், யாருக்கும் தெரியாது.
பிறந்தார்கள். பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்தார்கள்.
அவ்வளவும் போதுமாயிருந்தது கடவுளுக்கு
அடுத்த வீட்டுக்குப் போக.

நான் பங்கு அலுவலகத்தில் பதிவேடு பார்க்கிறவள்.
பெயர்கள் கேட்டால் விரல் தானாக எண்ணும்.
மும்முறை பதினான்கு என்று கட்டியவர்
சுங்கச்சாவடியில் இருந்த மனுசன்;
கடைசிக் கட்டை எண்ணினால் பதின்மூன்றுதான் வருகிறது.
வருசா வருசம் அப்படித்தான் வருகிறது.

ஒன்பது மணிக்கு, நாவலடியிலிருந்து
குடையில்லாமல் கிளமன்ற் வந்தான்.
கலியாண அலுவல். ஞானஸ்நானச் சான்றிதழ் வேணும்.
தொண்ணூறாம் ஆண்டு ஏட்டை எடுத்தேன்:
கடல் வந்த வருசம் ஊறி, வெயிலில் காய்ந்து
அப்பளம் போல நெளிந்த தாள்.
தாய்: றெஜினா.
ஞானத்தாய்: ஆஸ்பத்திரித் தாதி மெற்றில்டா.
தகப்பன் என்ற இடத்தில், அந்தக் காலத்துச் சுவாமி
பென்சிலால் ஒரு சொல்:
பிறகு.

"மறுகா எண்டா எப்ப, மிஸ்?"

அந்த வருசம் லொறியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவனா,
பெயர் கொடுக்கப் பயந்த ஒருவனா,
றெஜினா சொல்லவில்லை.
சொல்லாமலே கடலோடு போய்விட்டாள்.

"சும்மா ஒரு பேரைப் போடுங்களன்."
"ஏலாது தம்பி."
அவன் சிரித்தான்.
"குடி கேட்டா டக்கெண்டு சொல்லுவன்.
அது அம்மாட வழி. வயித்துவார்."

பேனை நின்றது.
விடிய வாசித்த பட்டியலும் அப்படித்தானே முடிந்தது.
ராசாக்களும் வாரிசுகளுமாய் மிடுக்காக வந்த 'மகன்' என்ற சொல்
யோசேப்பின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
வெளியே நிற்கிறது.
மரியாவின் கணவர். மரியாவிடம் பிறந்தவர்.
கடைசி வரி மட்டும்
மட்டக்களப்புக் கணக்கு.

அவளுக்கு முன்னமே நாலு பேர் வந்து குந்தியிருந்தார்கள்:
முக்காடிட்டு மாமனை வழிமறித்த தாமார்,
சன்னலில் சிவப்புக் கயிறு கட்டிய இராகாபு,
பிறத்தியார் வயலில் கதிர் பொறுக்கிய மோவாபுக்காரி,
பெயர் எழுதப்படாத உரியாவின் மனைவி.
புருசனைக் கொல்வித்தவன் ராசாதான் என்று
அந்த 'உரியா' இன்னும் சாட்சி சொல்கிறது.
எங்கள் ஏட்டுக்கு இத்தனை துணிச்சல் இல்லை;
பென்சில்தான் இருக்கிறது.

பதின்மூன்று பிழையா இல்லையா என்று சொல்ல
எனக்குப் படிப்பில்லை.
சுவாமியைக் கேட்டால் வேறு விளக்கம் இருக்கும்.
பந்தியில் பிந்தி வாறவனுக்கு
இலை போட்டு வைக்கிறமாதிரி
ஒரு இடம் விட்டு எழுதியிருக்கிறார் என்று
இன்றைக்கு நம்பினேன்.
நாளைக்கு எப்படியோ.

சான்றிதழில் அந்த இடத்தை வெறுமையாய் விட்டேன்.
ஏட்டில் இருந்த சொல்லை அழிக்கவில்லை.
முத்திரை குத்தும்போது கை சறுக்கி
பங்கின் வட்டம் பாதி
வெறுமைக்குள் விழுந்தது.
வேறொன்று அடிச்சுத் தரவா என்றேன்.

வெளியே வாவியும் மழையும் ஒரே நிறம்.

"தேவையில்ல மிஸ். மை காயட்டும்.
நான் நிக்கிறன்."