ஏழாவது பாயின்ட்

பன்னிரண்டு பாயின்ட், ஜீப்புக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
கல்திட்டை ஏழாவது.
எட்டு நிமிடம் தருவேன்,
செல்ஃபிக்கு நான்கு, கதைக்கு நான்கு.

மதுரைக்காரர் ஏறினால் பாண்டவர் தங்கிய இடம்.
பெங்களூர்க்காரருக்குக் குள்ளர் வீடு.
காலேஜ் பையன்களுக்குப் புதையல்;
தோண்டியவன் ரத்தம் கக்கிச் செத்தான் என்பேன்,
ஒருவனும் கல்லைத் தொடமாட்டான்.

ஐப்பசியில் ஒருநாள்
பேத்துப்பாறையில் வண்டியை நிறுத்திவிட்டுக்
காப்பிச் செடிகளுக்கிடையே கூட்டிப்போனேன்.
கரூர்க் குடும்பம், ஆறு பேர்.
பாண்டவரா குள்ளரா என்று யோசிக்குமுன்
மழை பிடித்துக்கொண்டது.
ஜீப் கீழே. குடை ஜீப்பில்.
குனிந்து நுழைந்தோம்,
பதினாறு வருடத்தில் முதல் தடவையாக
நானும்.

நாலு பேர் குந்துகிற இடம்.
கொசுவலை வியாபாரி நாகமாணிக்கத்தின் முழங்கால்
என் விலாவில்.
மூடுகல்மேல் அடிக்கிறது மழை,
உள்ளே ஒரு சொட்டு இல்லை.
போன வருடம் அவர் கட்டிய வீடு
ஒழுகுகிறதாம்.

அவர் மனைவி பூங்காவனம்
மெதுவாகக் கேட்டார்:
"நாம கால் வச்சிருக்கிறது
அவங்க தலைமாடா, கால்மாடா?"

என்னிடம் மூன்று கதை இருந்தது.
ஒன்றிலும் தலைமாடு இல்லை.

மழை விட நாற்பது நிமிடம்.
எட்டாவதும் ஒன்பதாவதும் போச்சு,
யாரும் கணக்குக் கேட்கவில்லை.
அந்தம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஜீப் வரை வெறுங்காலில் வந்தார்,
அட்டை கடித்ததைப் பார்க்காமல்.

மறுநாள் மதுரை வண்டி.
"பாண்டவங்க எடம்தானேண்ணே?"
"தெரியலைங்க.
யாரையோ படுக்க வச்சிருக்காங்க.
ஒழுகாது."

டிப்ஸ் ஐம்பது ரூபாய் குறைந்தது.