பதினோராம் தட்டு

அலைனர் மாட்டிய முதல் நாள்
போனை எடுத்துச் சொன்னேன்:
"செவ்வாய்ப்பேட்டை, ஜவ்வரிசி மண்டி."
"போனைப் பெரியவங்ககிட்ட குடும்மா" என்றார்
ஈரோட்டுக்காரர்.
சகரம் எல்லாம் நனைந்து போயிருந்தது.
சேலம், சூரமங்கலம், சேர்வராயன்,
சரக்கு, சாக்கு, சிட்டை.
இந்த ஊருக்குப் பெயர் வைத்தவர்களுக்குப்
பல்வரிசை ஒழுங்காக இருந்திருக்க வேண்டும்.

நாற்பத்து மூன்று வயதில் எதற்கு என்று
கேட்காதவர் டாக்டர் நஸ்ரின் மட்டும்தான்.
ஃபேர்லேண்ட்ஸில், மாடியில்,
திரையில் என் வாயைச் சுழற்றிக் காட்டினார்.
முகம் இல்லை, நாக்கு இல்லை.
முன்பல் இரண்டும்
டவுன் பஸ் படியில் தொற்றியவர்கள் மாதிரி
ஒன்றன் தோளில் ஒன்று.
ஒரு பொத்தானை அழுத்தினார்.
பதின்மூன்று மாதம் ஆறு நொடியில் ஓடியது.
விலகி, திரும்பி, இடம் விட்டு
நின்றுகொண்டன,
இத்தனை வருஷம் இடித்ததற்கு
ஒரு வார்த்தை சொல்லாமல்.

இருபத்தெட்டுத் தட்டு.
பட்சத்துக்கு ஒன்று.
ஒன்றுக்குக் கால் மில்லிமீட்டர்.
சீட்டு எடுத்த பணம்.
செங்கோடனிடம் கட்டிவிட்டு வந்துதான் சொன்னேன்.
"போட்டிருக்கிறதே வெளிய தெரியாதாமே,
அப்புறம் எதுக்கு அவ்வளவு காசு?"

இருபத்திரண்டு மணி நேரம் அதற்கு.
மீதி இரண்டுக்குள் என் இட்லி,
என் சாப்பாடு, என் காபி,
சாயங்காலம் பூங்கோதையோடு நின்றபடி
ஒரு தட்டுவடை செட்.
ஒரு கையில் தட்டுவடை, ஒரு கையில் தட்டு.
எச்சில் நூலாக இழுக்க
தெருவில் பல்லைக் கழற்றுகிறவளைப் பார்த்து
ஒரு பையன் அம்மாவின் துப்பட்டாவுக்குள் போனான்.

ஆபீஸிலிருந்து ஏற்காடு போனோம்.
வேன். கொண்டை ஊசி வளைவுகளுக்கு
வரிசையாக எண் பலகை.
எட்டில் கணக்குப்பிள்ளை வாந்தி.
பகோடா பாயிண்டில் மிளகாய் பஜ்ஜி.
கழற்றினேன், டப்பாவில் போட்டேன்,
டப்பாவைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன்.

குரங்கு அவசரப்படவில்லை.
நான் இன்னும் நகத்தை உடைத்துக்கொள்ளும் மூடியை
கட்டைவிரலால் நெம்பித் திறந்தது.
கீழ்வரிசையை விட்டுவிட்டு
மேல்வரிசையை எடுத்தது.
முகர்ந்தது. வெயிலுக்கு நேரே பிடித்தது.
அந்தப் பக்கம் மலை தெரிந்திருக்கும்.
கடித்துப் பார்த்தது.
ஒரு சில்வர் ஓக்கில் ஏறிப் போய்விட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
பள்ளிக்கூட நாளிலிருந்து
நான் சிரித்தால் வாய்க்கு முன்னால் வந்துவிடும் கையில்
பஜ்ஜி இருந்தது.
பூங்கோதை எடுத்த படத்தில் இருக்கிறேன்:
எண்ணெய் விரல்கள், அகலத் திறந்த வாய்,
பாதி வழியில் நிற்கும் பற்கள்.

டாக்டர் திட்டவில்லை.
"பத்தாம் நம்பர் இருக்கா? அதையே போடுங்க,
புதுசு வர்ற வரைக்கும்."
இருந்தது. ஒன்றிலிருந்து பத்து வரை
ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன்.
லொடலொடவென்று ஆகிவிட்டதென்று
எட்டு நாள் முன்பு கழற்றிய பிளாஸ்டிக்
இப்போது ஏற மறுத்தது.
ரப்பர் உருளையைக் கடித்துக் கடித்து
உட்கார வைத்தேன். ராத்திரி முழுக்க வலி.
முன்னே போனதை இழுக்கிறதா
பின்னே வந்ததைத் தள்ளுகிறதா,
பல்லைத்தான் கேட்க வேண்டும்.
மேலே போன பட்சம், கீழே இந்தப் பட்சம்,
நடுவில் என் நாக்கு
எந்தத் தேதியில் இருப்பதென்று தெரியாமல்.

காலையில் போன்.
ஐந்து மாதம் கழித்து ஈரோட்டுக்காரர்.
"செவ்வாய்ப்பேட்டை, ஜவ்வரிசி மண்டி" என்றேன்.
கொஞ்சம் யோசித்து, "முன்ன ஒரு குழந்தை எடுக்குமே,
அது இல்லையா?" என்றார்.
"மலைமேல போயிருக்கு" என்றேன்.
"எத்தனை மூட்டை? நைலான் ரகமா, சாதாவா?"