எதிர் இழை

நவம்பர் கடைசியில் போன சூரியன்
இன்று திரும்புகிறதென்று
கேன்டீனில் ஜாம் வைத்த உருண்டை ரொட்டி.
ட்ரோம்ஸோவில் இதற்கென்றே ஒரு நாள் உண்டு.
எட்டு மணிக்கே வரிசை.
நான் நிற்கவில்லை,
என் தட்டுகளுக்கு வெயில் காட்ட வேண்டியிருந்தது.

வெயில் என்றால் விளக்குதான்.
பெட்டிக்குள் ஒரு புற ஊதாக் குழல்,
கீழே சல்லடைத் தாள்,
ஐந்து மைக்ரான் ஓட்டைகள்.
ஓட்டைக்கு நேராக வந்த இடம் மட்டும் சுடும்.
இரண்டு மாத இருட்டில் இந்த ஊரில்
வெயில் பட்டுக் கறுத்தவை
நெஸ்தானின் செல்கள் மட்டும்தான் என்று
எய்விந்த் சிரிப்பான்.

சுட்ட இடத்தில்
அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.
எதிரே கைகோத்திருந்த துணையை விட்டுவிடும்.
அவ்வளவுதான் காயம்.
ஏணியில் ஒரு சின்னக் கோணல்.

அறுநூறு கோடிப் படிகளில்
அந்த ஒரு கோணலைத் தேடி
காவல் புரதம் வரும்.
சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன்,
வந்து காயத்தைத் தடவிப் பார்க்கும் என்று.
இல்லை.
காயத்தை அது தொடுவதே இல்லை.
எதிர் இழையில்
தன்னளவில் ஒரு குறையுமில்லாமல்,
பிடித்துக்கொள்ளக் கை இல்லாமல்
ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு எழுத்துகள்,
அவற்றைத்தான் பிடிக்கும்.
மற்றவர்கள் பிறகுதான் வருவார்கள்:
இழைகளைப் பிரிப்பவர்கள்,
வெட்டுபவர்கள் இருவர்,
முப்பது எழுத்துத் துண்டு போன இடத்தில்
எதிரே உள்ளதைப் பார்த்து எழுதுபவர்,
கடைசியில் ஒட்டுபவர்.

நான்கு வருடமாக இதைத்தான் பார்க்கிறேன்.
போஸ்ட்டாக் என்றால் என்ன வேலை என்று
குத்தாயிசியிலிருந்து அம்மா கேட்டால்
பழுது பார்ப்பவர்களை வேவு பார்ப்பது என்பேன்.
சம்பளம் எதுவரை என்பாள்.
பிப்ரவரி வரை.

காலையில் கடிதம் வந்திருந்தது.
மதிப்பீட்டாளர்கள் மிகுந்த ஆர்வத்துடன் வாசித்தார்களாம்.
நிதி இல்லை.
போன முறையும் ஆர்வத்துடன்தான் வாசித்தார்கள்.

இடது வரிசைத் தட்டுகளில் நலமான செல்கள்.
வலது வரிசை ஒரு சிறுமியுடையது.
குழாயோடு வந்த தாளில்
ஒரு எண். தோல், முன்கை.
பெண். ஒன்பது வயது.
பெயர் கிடையாது.
அந்தக் காவல் புரதம் அவளுக்குப் பிறவியிலேயே இல்லை.
வெயில்தான் காரணமென்று
யாரோ கண்டுகொள்வதற்குள்
எத்தனை கோடை போயிற்றோ,
இப்போது எங்கே, எப்படி,
தாளில் இல்லை.

அரை மணி நேரத்தில்
இடது வரிசையில் சிவப்புக் காயத்தின் மேல்
பச்சைப் புள்ளிகள் வந்து கூடும்.
வலது வரிசையில் சிவப்பு மட்டும்,
யாரும் எடுக்காத போன் மாதிரி.

பதினொன்றே முக்காலுக்கு வராந்தாவில் பூட்ஸ் சத்தம்.
எல்லோரும் சரிவுக்கு ஓடினார்கள்.
மூன்றாவது சுற்றுக்கு
அப்போதுதான் நான் கடிகாரம் வைத்திருந்தேன்.
இரண்டு மலைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ எழும்பி
இன்குபேட்டர் கதவின் கைப்பிடியில் ஒட்டியது.

கதவு எஃகு. உள்ளே இன்னொரு கதவு.
இவ்வளவு தாழ்ந்த வெயிலில்
சுடுகிற ஊதாவும் இருக்காது.
எனக்குத் தெரியும், நான் இதைப் படித்தவள்.
என்றாலும் எழுந்து போய்த்
திரையை இறக்கினேன்.

தூர்குன் சீக்கிரமே திரும்பிவிட்டாள்.
இமையில் பனி, கையில் தாளில் சுற்றிய ரொட்டி.
சூரிய நாளில் மூடிய திரையைப் பற்றிக் கேட்கவில்லை.
என் முகத்தையும் பார்க்கவில்லை.
எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.
அதன் மேலிருந்த என் கோட்டை எடுத்து மாட்டிவிட்டு
இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை தட்டு மிச்சம்?"
"பன்னிரண்டு."

கையுறைப் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தினாள்.
ஜாம் கசிந்து தாள் சிவந்துகொண்டிருந்தது.
மணி அடிக்க
இன்னும் பதினோரு நிமிடம்.