ஒன்பதடி நான்கு அங்குலம்

குன்னூர் கிளப்பிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியது புலி,
சுருட்டிய பாய் போல.
வாலில் வனத்துறைச் சான்று எண்.
அடித்துணி அரித்துவிட்டது, மாற்றிக் கொடு என்றார்
செயலாளர் பெள்ளிராஜ்.
சோபா உறை தைக்கிறவளுக்குப்
புலியும் ஓர் உறைதான்.

வெட்டு மேசை போதவில்லை.
தலையைத் தையல் மிஷின் மேல் சாய்த்தேன்.
கண்ணாடிக் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

கூடவே வந்த பித்தளைத் தகட்டை
மகள் படித்துச் சொன்னாள்:
கேப்டன் எட்மண்ட் தோர்ன், 1874.
நேரே பாய்ந்து வந்தது. ஒரே குண்டு.
ஒன்பதடி நான்கு அங்குலம்.

அளந்தேன், தொழில் பழக்கம்.
எட்டடி ஏழு.
தோல் சுருங்கும், அது சரி.
மேடு பள்ளமெல்லாம் டேப்பை ஓடவிட்டால்
உயிரோடு இருந்ததும் நீளும்.
துணிக்கடைக்காரர்கள் எனக்கு இதைத்
தலைகீழாகச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

பழைய ஃபெல்ட்டைப் பிரித்தேன்.
கற்பூரமா எலிப் புழுக்கையா, இரண்டும் வீசியது.
நெற்றியில் துளை இல்லை.
மார்பில் இல்லை.
இடது பின்தொடையில் ஒன்று,
வாலுக்கு ஒரு சாண் மேலே முதுகில் இன்னொன்று.
இரண்டுக்கும் சேர்த்துப் பதினோரு தையல்,
மெழுகு நூல், மயிரின் போக்கிலேயே,
அவ்வளவு நேர்த்தி.
எனக்கு முன்பே ஒரு விரலுக்கு இது தெரிந்திருக்கிறது.
கூலி வாங்கிக்கொண்டு
தன் வாயையும் சேர்த்துத் தைத்திருக்கிறது.

புறப்புண் நமக்கும் பழைய சொல்.
முதுகில் பட்டவனைப் பழிக்க வைத்திருக்கிறோம்.
முதுகில் சுட்டவனுக்கு
ஒரு சொல் வைத்திருக்கிறோமா?
பாபினில் நூல் தீரும்வரை யோசித்தேன்.

சோபா அளவெடுக்கப் போனபோது
சுவரில் அவன் படம் பார்த்திருக்கிறேன்.
மீசை. முழங்கால் பூட்ஸ். புலித் தலைமேல் ஒரு கால்.
இருபத்திரண்டு இருக்கும் வயது.
பயந்திருப்பான், பாவம்.
பயந்தேன் என்று பொறிக்க இடமில்லாத அளவுக்குத்
தகட்டை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

புதரடித்து விரட்டியவர்கள் கையில்
தகரமும் கழியும்.
அவர்கள் எத்தனை அடி,
யாரும் டேப் பிடிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது.
பிளேடு எடுத்துப் பதினோரு தையலையும் அறுத்தேன்.
புதுச் சிவப்பு ஃபெல்ட்டை அடியில் வைத்து
ஓரம் மட்டும் தைத்தேன்.
திருப்பிப் போட்டால்
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே
இரண்டு இடத்தில், எட்டணா அகலத்தில்,
சிவப்பு.

செயலாளர் குனிந்து பார்த்தார்.
"இது என்னம்மா?"
பழசு சார், என்றேன்.
அதற்குக் கூலி போடவில்லை.