நரம்பு

"பிளேடு வாங்கிக்கோ, மூணு பல்லு,
சீமைக் கருவேலமே சீவிடும்"
என்றான் லிங்கிச் செட்டித் தெருக் கடைக்காரன்.
வெட்டப்போகும் இடத்தைச் சொன்னேன்.
பில் புத்தகத்திலிருந்து தலை தூக்கிப் பார்த்தான்.
பிளேடு பெட்டிக்குள் போனது,
நைலான் நரம்புச் சுருள் ஒன்று மேசைக்கு வந்தது.
கல்லில் பட்டால் நரம்புதான் தேயும்.
பிளேடு பட்டால்
கடன் வாங்கிப் பொறித்த பெயர்
எழுத்தெழுத்தாகத் தெறிக்கும்.

பேட்டரியில் ஓடுவதும் இருந்தது.
புகையில்லை, கைக்குழந்தை எடை,
முக்கால் மணி நேரம் தாங்குமாம்.
காசிமேட்டுக் கல்லறையில் பிளக் பாயின்ட் ஏது?
பெட்ரோல் மிஷினையே தூக்கினேன்.
லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில்,
கூடினால் புகை, குறைந்தால் பிஸ்டன் போச்சு.
பில்லின் முதுகில் எழுதித் தந்தான்.

நாலு நாள் ஐப்பசி மழையில்
கோரை முழங்காலைத் தாண்டியிருந்தது.
இரண்டாம் தேதி எல்லோரும் வருவார்கள்,
மெழுகுவர்த்தி, சாமந்தி மாலை, பிள்ளைகள்.
அதற்குள்
இறந்தவர்கள் வெளியே தெரிய வேண்டும்.

முதல் நாள் எல்லாம் தப்பு.
நரம்பின் நுனியால் வெட்டணும்,
நான் இடுப்பால் வெட்டினேன்.
கைலியோடு நின்றேன்,
ஜல்லி தெறித்துக் கணுக்காலில் ரத்தம்.
ஈரப் புல் தலையில் சுற்றிக்கொள்ள
மிஷின் இருமி இருமி நின்றது.
"இன்னாண்ணே, உள்ளாற யார்னா புடிச்சி இழுக்கறாங்களா?"
என்றான் இன்னாசி.

மறுநாள் வாகு பிடிபட்டது.
வலத்திலிருந்து இடம்,
இலையில் தண்ணீர் தெளித்துத் தள்ளிவிடுகிற அசைவு.
நரம்பு குட்டையானால்
தலையைத் தரையில் ஒரு தட்டு, நீளும்.
புல்லுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள்:
ஹார்பர் கிரேன் ஓட்டிய பெலவேந்திரன்,
பாதி தேய்ந்த தெரசாள்,
பிறந்த தேதியும் போன தேதியும் ஒன்றேயான ஒரு பிள்ளை.

ஞாயிறு மதியம் சுருள் தீர்ந்தது.
பாரிஸ் கார்னர் முழுக்க ஷட்டர்.
இன்னாசி படகுக்கு ஓடிப்போய்த்
தங்கூசி கொண்டுவந்தான், நீல நிறம்,
வஞ்சிரத்துக்குப் போடுவது.
மூன்றிழை முறுக்கித் தலைக்குள் கோத்தோம்.
பத்து நிமிடத்துக்கு ஒரு தபா அறுந்தது.
இருந்தாலும் வெட்டியது.
எண்ணூர் ரோட்டுக் கன்டெய்னர் லாரிகளின் ஹார்னுக்கு மேல்
கடலில் மீன் இழுத்தது
இங்கே கோரையோடு கத்திக்கொண்டிருந்தது.

கோடியில் கல் இல்லாத ஒரு மேடு.
இரும்புக் குழாயை வளைத்துக் கட்டிய சிலுவை.
சுற்றிலும் யாரோ வைத்த நித்தியகல்யாணி.
பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்,
ஆனால் கை அதற்குள் வீசிவிட்டது.
நரம்புக்குப் புல்லும் பூவும் ஒன்று.
காற்றில் ரோஸ் நிறம் ஒரு பிடி.

சுண்ணாம்பு வாளியோடு அந்த அம்மா
எப்போது வந்து நின்றாளோ.
என்ஜினை அணைத்தேன், கண்ணாடியைக் கழற்றினேன்.
சொல்ல ஒன்றும் வரவில்லை.
குனிந்து அடித்தண்டை ஆட்டிப் பார்த்தாள்.
"வேர் கீது. வரும்.
நீ அந்தாண்ட போய் வெட்டு,
நான் வெள்ளை அடிக்கணும்."

இருட்டும்வரை
நீலத் துணுக்குகளைப் பொறுக்கினேன்,
கிடைத்தவை ஒரு சட்டைப்பை.
வாசல் கடையில் இன்னாசி டீ சொன்னான்.
என்ஜின் அணைந்து ஒரு மணி நேரம் ஆகியும்
கிளாஸ் என் கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது.