பதினாறாவது போல்ட்

பெனிட்டா முதலில் அனுப்பியது படகின் அளவை அல்ல,
தன் வீட்டு மாடிப்படியின் அளவை.
வண்ணாரப்பாளையம், இரண்டாவது மாடி,
படி திரும்புமிடத்தில் இரண்டே கால் அடி.
அதில் ஏற முடியாத அவள் பீரோ
கீழ்வீட்டாரிடமே தங்கிவிட்டதாம்.
அடுத்து கமாலுதீனின் குட்டி யானை:
ஏழடி நீளம், பின்கதவு சாத்த வேண்டும்,
போகிற வழியில் தண்ணீர் கேனும் ஏற்றுவார்.
ஆற்றைப் பற்றி ஒரே வரி.
உப்பனாற்றில் ஏழு இடம், மாதம் ஒருமுறை,
புட்டி முங்குகிற ஆழத்தில் மொள்ள வேண்டும்.

நான் குழாய் போடுகிறவன்.
என் கைக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம்
குழாய்க்கு உள்ளே ஓடுவது.
உள்ளே காற்றும் வெளியே ஆறுமாக
ஒரு குழாயை நினைத்துப் பார்க்க
மூன்று இரவு பிடித்தது.

பத்தங்குல பிவிசி, பத்தடி நீளம், இரண்டு.
ஒன்று நூற்றைம்பது கிலோ தாங்கும்.
என் எடையைக் கேட்டாள், சொன்னேன்.
அவள் எடையைக் கேட்டேன்.
"அறுபது போட்டுக்குங்க."
எழுபது போட்டுக்கொண்டேன்.
கணக்குப்படி குழாயில் முக்கால் முங்கும்,
மிச்சமிருக்கும் கால்தான் எங்கள் தைரியம்.

நடுவில் அறுத்த பிறகுதான் கை நின்றது.
வாயோடு வாயை ஒட்டினால் மாடியேறாது,
ஒட்டாவிட்டால் ஆறு உள்ளே வரும்.
ரப்பர் வளையம், சிலிக்கான், டேப்,
தண்ணீர் புகாத இணைப்பொன்றைத்
தாள் தாளாக வரைந்து கசக்கினேன்.
கசக்கியதையெல்லாம் கூட்டிக்கொண்டே
அஞ்சலாட்சி கேட்டாள்:
"எதுக்கு அதுங்கள ஒட்டணும்?
நாலையும் நாலா மூடிடுங்க."

நாலையும் நாலாக மூடினேன்.
ஐந்தடித் துண்டு ஒவ்வொன்றும்
தன் காற்றில் தான் மிதக்கும்.
இணைப்பு இனி தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டாம்,
பக்கத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.
பதினாறு போல்ட், பதினாறு விங் நட்,
ஸ்பானர் வேண்டாம், விரல் போதும்.

மே மாதம். மொட்டை மாடியில் கிடந்தன.
பகல் ஒரு மணிக்கு ஒரு மூடி வெடித்து
அடுத்த தெருவில் போய் விழுந்தது.
அடைத்துவைத்த காற்றுக்கும் புழுங்கும்.
அப்புறம்தான் சைக்கிள் வால்வு வைத்தேன்.

ஜூனில் ஒரு செவ்வாய்.
முதுநகரில் பாலத்தடியில் இறக்கிக் கோத்தோம்,
இருபத்திரண்டு நிமிஷம்.
மிதந்தது.
ஆட்டம் இருந்தது, மிதந்தது.

ஐந்தாவது புட்டிவரை சரியாகத்தான் போனது.
சோதிக்குப்பத்துக்கு எதிரே
அவள் வெப்பமானியை இறக்கிவிட்டு
கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
யாரோ அடிமூடியைத் திறந்துவிட்டதுபோல
ஆறு இறங்கியது.
மாடிப்படியை அளந்திருந்தோம்.
வண்டியை அளந்திருந்தோம்.
வற்றம் எத்தனை மணிக்கு என்று
ஒருவரையும் கேட்கவில்லை.

நாலு குழாயும் சேற்றில் உட்கார்ந்துவிட்டன.
தள்ளினால் நாங்கள்தான் புதைந்தோம்.
அவள் என்னைப் பார்த்தாள், நான் போல்ட்டுகளைப் பார்த்தேன்.
முழங்கால் சேற்றில் நின்றபடி
நடு ஆற்றில் படகைக் கழற்றினோம்.
தோளில் துண்டு, தலையில் பலகை,
கரைக்கு எட்டு நடை.

வலையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்தவர்
நிமிராமலே சொன்னார்:
"எங்க போட்டு எங்களத் தூக்கும்.
உங்க போட்ட நீங்க தூக்குறீங்க.
பரவால்ல, பழகிடும்."

கரையில் எண்ணினேன், பதினைந்து.
சட்டைப் பையைத் தட்டிவிட்டு மறுபடி எண்ணினேன்.
கமாலுதீன் கேன்களுக்கு நடுவே டார்ச் அடித்தார்.
ஐந்து புட்டியும் பத்திரம் என்றாள் பெனிட்டா,
ஆறுதலுக்கு.
அடுத்த மாதத் தண்ணீரில்
என் இரும்பும் கணக்கில் வருமா என்று கேட்டேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்,
நோட்டில் குறித்துக்கொண்டாள்.

வரைபடத்தில் திருத்தம் இரண்டு.
ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு சாண் கயிறு,
சட்டத்தோடு சேர்த்து முடிச்சு.
பிறகு, தாளின் ஓரத்தில் பென்சிலால்
வருகிற செவ்வாய்களின் வற்ற நேரம்.
மீன்காரம்மாவிடம் கேட்டு
அஞ்சலாட்சி எழுதியது.