இருநூறு புலங்கள்

ஒரு துளி இரத்தத்தில் இருநூறு புலங்கள்.
அத்தனையும் பார்த்த பிறகுதான்
'இல்லை' என்று எழுதலாம்.
நாரஹேன்பிட்டி ஆய்வுகூடச் சுவரில்
மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது.

புலம் என்றால் வயல் என்று படித்திருந்தேன்.
இங்கே அது ஒரு வட்ட வெளிச்சம்.
ஊதாவில் மிதக்கும் தவிட்டுத் தூசி.
அதற்குள் எங்கேயோ
சிவப்புக் கல் வைத்த மோதிரமாய்
ஓர் உயிர்.

எண்பத்தாறில் சேர்ந்தேன்.
பகலில் கண். இரவில் கால்.
ஆம், கால்தான்:
குளக்கட்டின் கீழ் காற்சட்டையை மடித்துவிட்டு
உறிஞ்சுகுழாயை வாயில் வைத்தபடி
நுளம்பு வந்து குந்தும்வரை காத்திருப்பது.
குத்துமுன் பிடிக்கவேண்டும்.
குத்தினால் அதுவும் தரவுதான் என்பான்
கூட வந்த விமலசூரிய, சிரிக்காமல்.
அனோபிலிஸ் நேராக நிற்காது.
தலை தாழ்ந்து, பின்புறம் உயர்ந்து,
விழுந்து கும்பிடப் போகிறவள் மாதிரி.

மூன்று முறை எனக்கே காய்ச்சல்.
மூன்றாம்முறை என் இரத்தத்துக்கு நானே சாயமிட்டு
நானே எண்ணினேன்.
குளிரில் கை உதறி எண்ணிக்கை தவறியது.
மறுபடி ஒன்றிலிருந்து.

வடக்கிலிருந்து வழுக்கிகள் ரயிலில் வரும்,
மரப்பெட்டியில், பஞ்சுக்கு நடுவே,
சிலவேளை ஆறு கிழமை பிந்தி.
பெயர், வயது, ஊர், திகதி.
நான் 'உண்டு' என்று எழுதும்போது
அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கலாம்.
பள்ளிக்கூடம் இருந்தால்.

தொண்ணூற்றாறில், திம்பிரிகஸ்யாய சாவடியில்
ஒரு சிப்பாய் பெட்டியைத் திறந்தான்.
என்ன இது?
"லே" என்றேன், அவன் மொழியில்.
யாருடைய இரத்தம்?
எல்லாருடையதும் என்று சொல்லியிருக்கலாம்.
அது மேடைக்கு.
நான் சொன்னது: நெடுங்கேணி, பதவிய, வெலிஓயா,
எண் வரிசையில் இருக்கு, கலைக்காதே.
அவன் கண் மஞ்சளித்திருந்தது.
மாத்திரையை முடித்தாயா என்று கேட்டேன்.
பதில் இல்லை. போ என்று கை காட்டினான்.

பிறகு எண்கள் இறங்கின.
வலைகள், மருந்தடித்த சுவர்கள், கிணற்றில் விட்ட மீன்கள்,
ஒவ்வொரு நோயாளி வீட்டையும் தேடி
மோட்டர்சைக்கிளில் போன பெடியங்கள்.
எது வென்றது என்று பதினொரு கட்டுரையில் பிரித்துப் பார்த்தேன்.
புள்ளிவிவரம் ஓரளவுக்குத்தான் ஒத்துழைத்தது.

கடைசியில் பூச்சியம்.
பூச்சியத்தை எப்படி ஆராய்வது?
நாளைக்கு அறுபது 'இல்லை' எழுதினேன்.
நிதி கேட்டால்,
"அதுதான் இல்லையே, டொக்டர்" என்றார்கள்.
நெருப்பணைத்தவளிடம்
வாளியைத் திருப்பிக் கேட்கிறமாதிரி.

ஓய்வுக்கு இரண்டு கிழமை இருக்க
பெரியாஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி.
பேருவளை மாணிக்க வியாபாரி,
மடகஸ்காரிலிருந்து வந்து பத்து நாள்.
நாலு நாள் டெங்கு என்று பார்த்திருக்கிறார்கள்.
வார்டு வைத்தியருக்கு வயது இருபத்தேழு.
மலேரியா அவளுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு படம்.
கோபம் வரவில்லை.
அவள் அதைக் கண்டிராமல் இருக்கத்தான்
நான் சம்பளம் வாங்கினேன்.

எண்ணெய்ச் சொட்டு. குவியம்.
பதினேழாம் புலத்தில்
மோதிரம்.

வெட்கத்தோடு எழுதுகிறேன்:
'வந்திட்டியா' என்றது மனம்.
அதற்குப் பிறகுதான்
ஓரத்தில் ஒட்டியிருந்த பெயரை வாசித்தேன்.
றிஃபாய், 41.

மீதி நூற்றெண்பத்து மூன்றையும் பார்த்து முடித்தேன்.

அவர் பிழைத்தார்.
எழுந்து நடக்கத் தொடங்கியதும்
அதைக் காட்டச் சொல்லி வந்தார்.
ஒரு கண்ணை மூடி, கல் பார்க்கிற பழக்கத்தில்,
நெடுநேரம் குனிந்திருந்தார்.
"நல்ல சிவப்பு" என்றார்.
"ஆனால் விலை போகாது."

இப்போது வெள்ளவத்தையில், நாலாம் மாடி.
அந்தியில் கடல் காற்று நின்றுபோனால்
மணிக்கட்டில் ஒன்று வந்து குந்துகிறது.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
எந்தச் சாய்வில் நிற்கிறது என்று பார்க்கிறேன்.
அதற்குள்
குடித்துவிட்டுப் போய்விடுகிறது.